எழுந்து நின்றது யாருக்கு? மானம், மரியாதை, அதிகாரம் பற்றி ஒரு கேள்வி

சாளரம் (இழையைத் தொடங்கியவர்)

வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயம்தான். ஆனால் மூன்று வாரமாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஒன்பது ஆண்டுகள் துறைத்தலைவராக இருந்தார். அவர் கூட்ட அறைக்குள் நுழைந்தால் நாங்கள் எல்லோரும் எழுந்து நிற்போம். அப்படி ஒரு விதி கிடையாது, அவரும் எதிர்பார்த்ததில்லை. முதல் நாளில் யாரோ எழுந்திருப்பார்கள், மற்றவர்களும் எழுந்திருப்போம், அதுவே பழக்கமாகிவிட்டது. சில மாதங்களுக்கு முன் மேல்மட்டத்தில் மாற்றங்கள் வந்தன. அவருடைய பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அதே கட்டடத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறையும் ஆலோசகர் என்ற பெயரும் கொடுத்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு கூட்டத்துக்கு அவர் வந்தார். ஒருவரும் எழவில்லை. நானும் எழவில்லை. கணினித் திரையைப் பார்த்தபடியே தலையை மட்டும் அசைத்தேன். அவர் சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இரண்டு நிமிடம் கழித்துப் புதிய தலைவர் வந்தார். நான் எழுந்து நின்றேன். யோசித்து எழவில்லை, உடம்பு தானாக எழுந்துவிட்டது.

அந்த இரண்டு நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. வேலை என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அப்படியானால் ஒன்பது வருடம் நான் எழுந்து நின்றது யாருக்கு? அந்த மனிதருக்கா, நாற்காலிக்கா? நாற்காலிக்குத்தான் என்றால், மரியாதை என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது வெறும் அதிகாரத்தின் நிழல்தானா?

---

கரும்பலகை

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நாற்காலிக்கு எழுந்து நிற்பதில் கேவலம் எதுவும் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

நீதிபதி உள்ளே வரும்போது நீதிமன்றமே எழுகிறது. அந்த நீதிபதி நல்லவரா, கற்றவரா என்று விசாரித்துவிட்டு யாரும் எழுவதில்லை. அந்த இடத்தில் யார் உட்கார்ந்தாலும் சட்டம்தான் பேசுகிறது என்ற உடன்பாட்டுக்காக எழுகிறோம். மரியாதை மனிதரோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால், ஒருவர் போய் இன்னொருவர் வரும் ஒவ்வொரு தடவையும் சண்டைதான்.

இதற்கு எனக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. 1783 டிசம்பர் 23 அன்று, அமெரிக்க விடுதலைப் போரில் வென்ற ஜார்ஜ் வாஷிங்டன் அன்னபோலிஸ் நகரில் கூடியிருந்த காங்கிரஸ் என்ற அமெரிக்கப் பேரவையின் முன் வந்து தன் படைத்தலைமைப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தார். அந்தச் சடங்கு எப்படி நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்திருந்தார்கள். உறுப்பினர்கள் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர் தலை வணங்குவார். பதிலுக்கு அவர்கள் தொப்பியை மட்டும் எடுப்பார்கள், வணங்க மாட்டார்கள். யோசித்துப் பாருங்கள். படை அவர் பின்னால் இருந்தது, மக்கள் அவர் பின்னால் இருந்தார்கள். அந்த அவையோ பலமும் பணமும் இல்லாத ஒன்று. ஆனாலும் வணங்கியவர் அவர், உட்கார்ந்திருந்தது அவை. ஒரு தனிமனிதரைவிடப் பொதுமன்றம் பெரியது என்று சொல்ல அதைவிட நல்ல வழி இருந்திருக்குமா?

அதனால்தான் சொல்கிறேன். புதிய தலைவருக்கு நீங்கள் எழுந்தது தவறே இல்லை.

---

உப்புக்காற்று

கரும்பலகை சொல்வது எல்லாம் அதிகாரத்துக்கு ஒரு எல்லை இருக்கும் இடங்களுக்குப் பொருந்தும். எல்லை இல்லாத இடத்தில் பயமும் மரியாதையும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும். எழுந்து நிற்பது ஒன்றே, கைதட்டுவது ஒன்றே.

ருமேனியாவில் 1989 நவம்பரில் நடந்த கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டில், நாட்டை ஆண்ட சர்வாதிகாரி சௌசெஸ்குவை மறுபடியும் ஒருமனதாகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். திரும்பத் திரும்ப எழுந்து நின்று கைதட்டினார்கள். டிசம்பர் 21 அன்று புக்கரெஸ்ட் சதுக்கத்தில் அவரே கூட்டச் சொன்ன கூட்டம். மாடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோதே கூட்டத்துக்குள்ளிருந்து கூச்சல் எழுந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் திகைத்து நின்ற அந்த முகம் ஒளிப்பதிவில் இருக்கிறது. மறுநாள் ஹெலிகாப்டரில் தப்பி ஓடினார். 25ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள்.

அந்தக் கைதட்டலுக்கும் அந்தத் தோட்டாவுக்கும் நடுவில் ஏறத்தாழ ஒரு மாதம். மக்கள் ஒரே மாதத்தில் மனம் மாறிவிடவில்லை. அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்க யாரும் இல்லை, சொல்லவும் யாருக்கும் துணிவில்லை. அதிகாரத்தில் இருப்பவருக்கு நேரும் பெரிய கேடு இதுதான் என்று நினைக்கிறேன். தனக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறதா என்று அறியும் வழியையே அவர் அடைத்துவிடுகிறார்.

---

நூற்கண்டு

நாம் இங்கே மரியாதை, மதிப்பு, மானம் என்று மூன்று சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் நிறுத்தி அவற்றைப் பார்க்கலாமா? எனக்குச் சொற்கள் மேல் ஒரு பைத்தியம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்தச் சொல்லோடு எந்த வினை சேர்கிறது என்று கவனியுங்கள். மரியாதையைக் கொடுக்கிறோம். மதிப்பை வைக்கிறோம். மானத்தைக் கொடுக்கவும் மாட்டோம், வைக்கவும் மாட்டோம். மானம் போகும், அல்லது அதைக் காப்பாற்றிக்கொள்வோம். "எனக்கு மரியாதை கொடு" என்று கேட்பவர் உண்டு. "எனக்கு மானம் கொடு" என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? அது ஏற்கெனவே தன்னிடம் இருப்பது. பிறரால் பறிக்க முடியும், தர முடியாது. மரியாதையோ அடுத்தவர் கையில் இருப்பது, அவர் கொடுத்தால்தான் உண்டு. மதிப்பு வைப்பதும் அடுத்தவர்தான். ஆனால் அதை மனத்துக்குள் வைக்கிறார், வெளியே தெரியாமலும் வைக்கலாம்.

அடுத்தது சொற்பொருள். மரியாதை என்பது வடமொழி மர்யாதாவிலிருந்து வந்தது. அதன் அடிப்பொருள் எல்லை, கரை. மானம் என்ற சொல்லுக்கு அளவு என்றும் ஒரு பொருள் உண்டு. மதிப்பு என்றால் விலை என்றும் பொருள். வீட்டின் மதிப்பு, நகையின் மதிப்பு என்கிறோமே. எல்லை, அளவு, விலை! மூன்றுமே அளப்பதோடு சம்பந்தப்பட்டவை. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பது. அதிகாரம் என்பதே பாதிக்குமேல் அந்த அளவுகோலைக் கையில் வைத்திருப்பதுதான் என்று எனக்குப் படுகிறது. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும், யாரை 'அவர்' என்று சொல்ல வேண்டும், யாரை 'அவன்' என்றால் போதும் என்பதை எல்லாம் அதுதான் முடிவு செய்கிறது.

நம் மொழியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒருவர் வந்ததைச் சொல்ல வேண்டுமென்றாலே 'வந்தான்' என்பதா 'வந்தார்' என்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். நடுநிலையாக ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. நேற்றுவரை 'கூறினார்' என்று எழுதப்பட்ட ஒருவர் கைதானதும், வழக்கு முடியும் முன்பே, 'கூறினான்' ஆகிவிடுகிறார். ஒரே ஒரு விகுதி மாறுகிறது, ஆள் கீழே விழுந்துவிடுகிறார்.

---

பழுப்பேடு

நூற்கண்டு சொன்ன அளவுகோலைப் படித்ததும் டிரைஃபஸ் வழக்குதான் நினைவுக்கு வந்தது. மானம், அதிகாரம், பொதுமரியாதை மூன்றும் ஒரே முடிச்சில் மாட்டிக்கொண்ட கதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆல்ஃபிரட் டிரைஃபஸ் பிரெஞ்சுப் படையில் ஒரு கேப்டன், யூதர். ஜெர்மனிக்கு இரகசியம் விற்றதாக 1894இல் இராணுவ நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அவர் தரப்புக்குக் காட்டாமலே நீதிபதிகளிடம் ஒரு இரகசியக் கோப்பைக் கொடுத்திருந்தார்கள். 1895 ஜனவரி 5 அன்று பாரிசில், இராணுவப் பள்ளியின் முற்றத்தில், அணிவகுத்து நின்ற வீரர்கள் முன்னிலையில் அவருடைய பதவிச் சின்னங்களைப் பிய்த்தெறிந்தார்கள். அவருடைய வாளை முழங்காலில் வைத்து உடைத்தார்கள். வேலிக்கு வெளியே நின்ற கூட்டம் ஆத்திரத்தில் கத்தியது. அவர் "நான் குற்றமற்றவன்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்தார். அங்கே அவரிடமிருந்து எடுக்கப்பட்டவை எல்லாம் துணியும் உலோகமும்தான். ஆனால் அவற்றை அப்படி எல்லோரும் பார்க்க எடுத்தால் ஒரு மனிதன் செத்ததற்குச் சமம் என்று அந்தச் சடங்கை வகுத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பிறகு டெவில்ஸ் தீவில் தனிமைச் சிறை.

அப்புறம் நடந்ததுதான் நம் இழைக்கு முக்கியம். 1896இல் உளவுப்பிரிவுத் தலைவராக இருந்த பிக்கார், உண்மையான குற்றவாளி எஸ்டெர்ஹாசி என்ற வேறொரு அதிகாரி என்று கண்டுபிடித்தார். மேலதிகாரிகளிடம் சொன்னார். அவரைத் தூர தேசத்துக்கு மாற்றினார்கள், பின்னர் சிறையிலும் போட்டார்கள். ஏன்? தவறை ஒப்புக்கொண்டால் படையின் மானம் போய்விடுமாம். 1898 ஜனவரியில் எஸ்டெர்ஹாசியை விடுதலை செய்தார்கள். டிரைஃபசுக்கு எதிரான ஆவணம் ஒன்றைத் தானே பொய்யாகத் தயாரித்ததாக ஹென்றி என்ற அதிகாரி அதே ஆண்டு ஆகஸ்டில் ஒப்புக்கொண்டு, மறுநாள் சிறையில் உயிரை விட்டார். அப்போதும் ஒரு பெருங்கூட்டம், படையின் மானத்துக்காகச் செய்த பொய்தானே என்று அவரைத் தியாகியாகக் கொண்டாடியது.

படை என்ற அமைப்பின் மானத்தைக் காக்க ஒரு மனிதனின் மானத்தைக் கொன்றார்கள். அமைப்புக்கு மானம் உண்டு என்று நம்பத் தொடங்கும்போதே இந்த ஆபத்து வந்துவிடுகிறது.

1899இல் மறுவிசாரணை நடந்தது. மறுபடியும் குற்றவாளி என்றே தீர்ப்பு. பத்து நாளில் குடியரசுத் தலைவர் மன்னிப்பு வழங்கினார். உடல் நொறுங்கிப்போயிருந்த டிரைஃபஸ் அதை ஏற்றுக்கொண்டு வெளியே வந்தார். ஆனால் மானம் இல்லாத விடுதலை தனக்கு ஒன்றுமில்லை என்று அன்றே அறிவித்தார். மன்னிப்பு என்றால் குற்றம் செய்தவனுக்குக் காட்டும் கருணைதானே. அவர் கேட்டது கருணை அல்ல, தீர்ப்பு. அது கிடைக்க 1906 ஜூலை வரை ஆனது. அந்த மாதத்திலேயே அதே இராணுவப் பள்ளி வளாகத்தில் அவருக்கு லீஜன் ஆஃப் ஹானர் விருதை அணிவித்தார்கள்.

சாளரம், உங்கள் கேள்விக்கு இது நேரான பதில் இல்லை என்று தெரியும். ஆனால் வாளை உடைத்த அன்று டிரைஃபசிடம் மரியாதை ஒரு துளிகூட மிச்சமில்லை, மானம் முழுவதுமாக இருந்தது. அவரை உடைத்த தளபதிகளிடம் மரியாதை குவிந்து கிடந்தது. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் இந்தக் கதையே புரியாது.

---

கரும்பலகை

பழுப்பேடு, அருமையான பதிவு. ஒரு திருத்தம் மட்டும். அமைப்புக்கு மானம் என்று ஒன்று கூடவே கூடாது என்று முடித்துவிடாதீர்கள். பிக்காரும் அதே படையில் வளர்ந்தவர்தான். யூதர்கள் மீது அவருக்கே நல்ல எண்ணம் இருந்ததில்லை. ஆனாலும் பொய்யின் மேல் நிற்கும் படை தன் படை அல்ல என்று நினைத்தார். அமைப்பின் மானம் எதில் இருக்கிறது என்பதில்தான் சண்டை. தவறை மறைப்பதில் இருக்கிறது என்றார்கள் அவர்கள், திருத்துவதில் இருக்கிறது என்றார் இவர்.

உப்புக்காற்றுக்கு: பயத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எழுந்து நிற்கும் எல்லோரும் பயந்து நிற்பதில்லை.

---

தூரத்துமணி

நீண்ட நாளாக இங்கே படிப்பவள், எழுதுவது குறைவு. நாற்காலி வைத்திருந்தவரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். நாற்காலியே இல்லாதவர்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

என் அம்மா ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் இருபத்திரண்டு வருடம் துப்புரவு வேலை செய்தார். அங்கே வேலை பார்த்தவர்களில் அம்மா வயதில் பாதி இருப்பவர்கள்கூட 'ஏய்', 'வா', 'போ' என்றுதான் கூப்பிடுவார்கள். திட்டியதில்லை, அடித்ததில்லை. பண்டிகை நாளில் பணமும் கொடுப்பார்கள். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் அம்மாவின் பெயரைக் கேட்டவர் ஒரே ஒருவர். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். முதல் நாள் "உங்கள் பேர் என்னம்மா?" என்று கேட்டாளாம். அன்று மாலை அம்மா வீட்டுக்கு வந்து அதை மூன்று தடவை சொன்னார். எனக்கு அப்போது பதினான்கு வயது. ஒரு பெயரைக் கேட்டதற்கு ஏன் இவ்வளவு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

1968இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் குப்பை அள்ளும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிப்ரவரி 1 அன்று மழைக்குக் குப்பை வண்டியின் பின்புறம் ஒதுங்கிய இரண்டு பேரை, குப்பையை நசுக்கும் எந்திரம் திடீரென்று இயங்கி நசுக்கிக் கொன்றது. பிப்ரவரி 12 அன்று ஏறத்தாழ 1,300 கறுப்பினத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வு கேட்டார்கள், சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டார்கள், பாதுகாப்புக் கேட்டார்கள். ஆனால் கழுத்தில் தொங்கிய அட்டையில் எழுதியிருந்தது இவை எதுவும் இல்லை. "நான் ஒரு மனிதன்." அவ்வளவுதான். வயது வந்த ஆண்களையும் 'பையா' என்றே கூப்பிட்டுப் பழகிய ஊருக்கு அவர்கள் சொன்ன பதில் அது. அவர்களுக்கு ஆதரவாக வந்திருந்தபோதுதான் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி இறங்கிவந்து உடன்பாடு செய்துகொண்டது.

நூற்கண்டு சொன்னது சரி. மானம் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் தர வேண்டியதில்லை. ஆனால் அதை எதிரில் இருப்பவர் பார்க்காமலே தாண்டிப் போகும்போது, நாள்தோறும் தாண்டிப் போகும்போது, அது இருக்கிறதா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். அதை அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

---

சாளரம்

தூரத்துமணி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் தளத்தில் துப்புரவு செய்கிற அம்மாவின் பெயர் எனக்கும் தெரியாது. நான்கு வருடமாகப் பார்க்கிறேன்.

---

உப்புக்காற்று

இந்த இழையில் மானத்தை எல்லோரும் உயரத்தில் வைத்துப் பேசுகிறோம். மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

மானத்தின் பெயரால் சிந்திய இரத்தம் கொஞ்சமா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தலைமுறை தலைமுறையாக 'கௌரவ'த்துக்காக ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அமெரிக்காவின் முதல் நிதியமைச்சராக இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டன் 1804இல் அன்றைய அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் ஆரன் பர்ரோடு துப்பாக்கிச் சண்டைக்குப் போய்ச் செத்தார். மூன்று வருடத்துக்கு முன், 1801இல், அவருடைய மூத்த மகன் பிலிப் இதே மாதிரி ஒரு சண்டையில் பத்தொன்பது வயதில் செத்திருந்தான். மகனைப் புதைத்த தகப்பன்! இந்த வழக்கம் தவறு என்று தன் கைப்பட எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். போகாவிட்டால் பொதுவாழ்வில் தன் சொல்லுக்கு இனி மதிப்பிருக்காது என்று நினைத்தார். அதாவது ஊர் என்ன சொல்லும் என்ற ஒன்று, அவருடைய அறிவையும் துக்கத்தையும் தாண்டி அவரைப் படகில் ஏற்றி ஆற்றுக்கு அக்கரை கொண்டுபோனது.

குடும்ப மானம் என்று சொல்லிப் பெற்ற மகளையே கொல்பவர்களைப் பற்றி நான் விரித்து எழுத விரும்பவில்லை. அங்கே மானம் என்று பெயர் சூட்டப்படுவது அந்தப் பெண்ணின் மானமே அல்ல. அவள் மேல் தங்களுக்கு இருந்த அதிகாரம் போய்விட்டதே என்ற ஆத்திரம். அதற்கு மானம் என்று பெயர் வைக்க ஊரும் ஒத்துழைக்கிறது.

தூரத்துமணியின் அம்மா கேட்ட மானம் வேறு, இது வேறு என்று எனக்கும் தெரியும். ஆனால் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோமே, அதுதான் பயமாக இருக்கிறது.

---

நூற்கண்டு

உப்புக்காற்று எழுப்பியது நியாயமான பயம். எனக்குத் தோன்றும் ஒரு வேறுபாட்டைச் சொல்கிறேன், போதுமா என்று நீங்களே பாருங்கள். ஒரு மானத்தைக் காக்க அடுத்தவரை அழிக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்றைக் காக்க எதையாவது தானே விட வேண்டியிருக்கிறது. இரண்டாவது வகைக்கு இரண்டு பேர் ஞாபகம் வருகிறார்கள்.

ஒருவர் பெருஞ்சித்திரனார். வறுமையில் வாடிய புலவர். மலைகள் பல தாண்டி அதியமானிடம் பரிசில் கேட்டு வருகிறார். அதியமானுக்கு என்ன அவசரமோ, நேரில் வந்து பார்க்காமலே பொருளை மட்டும் கொடுத்தனுப்புகிறான். புறநானூற்றின் 208ஆம் பாட்டு அதற்கு அவர் சொன்ன பதில். என்னைக் காணாமல் தந்த இந்தப் பொருளை வாங்கிக்கொள்ள நான் வாணிகப் பரிசிலன் அல்லன் என்கிறார். என் தகுதியை அறிந்து தந்தால் அது தினையளவாக இருந்தாலும் இனிது என்கிறார். வீட்டில் பசி இருக்கிறது, கைக்கு எதிரே பொருள் இருக்கிறது. அவருக்கு வேண்டியிருந்தது அந்த அரசனின் கண் தன் மேல் படுவது. தூரத்துமணி, "உங்கள் பேர் என்னம்மா" என்று கேட்ட அந்தப் பெண் கொடுத்ததும் இந்தத் தினைதான் என்று எனக்குத் தோன்றியது.

இன்னொருவர் தாகூர். 1915இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தது. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் படுகொலை நடந்தது. மே மாத முடிவில் அவர் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதி, அந்தப் பட்டத்திலிருந்து தன்னை விடுவிக்கும்படி கேட்டார். தன் நாட்டு மக்களை இப்படி இழிவுபடுத்திய நேரத்தில் மரியாதைச் சின்னங்கள் வெட்கத்தைத்தான் இன்னும் பளிச்சென்று காட்டுகின்றன, எல்லாச் சிறப்பையும் களைந்துவிட்டு அவர்கள் பக்கத்தில் நிற்க விரும்புகிறேன் என்று எழுதினார். அவர் யாரையும் அழிக்கவில்லை. பேரரசின் அளவுகோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். தான் தரும் பட்டத்தை யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்த அதிகாரத்துக்கு அது எப்படி இருந்திருக்கும்!

---

உப்புக்காற்று

'விட வேண்டியிருக்கிறது' என்ற பாகுபாடு எனக்குப் பிடித்திருக்கிறது. முழுவதும் தீர்ந்துவிடவில்லை. ஹாமில்டனும் உயிரை விட்டவர்தானே? ஆனால் யோசிக்க வைக்கிறது.

---

பழுப்பேடு

ஹாமில்டன் உயிரை விட்டது ஊரின் கண்ணில் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. பெருஞ்சித்திரனாரும் தாகூரும் தங்கள் கண்ணில் தாங்களே இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

---

கரும்பலகை

முதல் பதிவில் நான் நாற்காலிக்காக வாதாடினேன். இப்போதும் அதை விட்டுவிடவில்லை. ஆனால் தூரத்துமணியின் பதிவுக்குப் பிறகு என் பதிலில் ஒரு ஓட்டை தெரிகிறது.

வாஷிங்டன் காட்சியில் அவை உட்கார்ந்திருந்தது, அவர் வணங்கினார் என்று பெருமையாகச் சொன்னேன். ஆனால் அவர் பொறுப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் அவரைத் தேடி வந்தார்கள், கடிதம் எழுதினார்கள், யோசனை கேட்டார்கள். 1787இல் அரசியலமைப்பு மாநாட்டுக்கு அவர் வந்து தலைமை தாங்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அப்போது அவர் கையில் எந்தப் பதவியும் இல்லை. நாற்காலிக்குக் கொடுத்த மரியாதை நாற்காலியோடு போய்விட்டது. மனிதருக்கு வைத்த மதிப்பு அவர் பின்னாலேயே அவர் வீட்டுவரை போனது.

சாளரம், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். எழுந்து நின்றீர்களா இல்லையா என்பதையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுவதெல்லாம் வெளியே தெரியும் ஒரு சைகை, நாளைக்கே மறுபடி செய்துவிடலாம். அந்தக் கூட்டத்தில் அவரிடம் யாராவது கருத்துக் கேட்டீர்களா? ஒன்பது வருடம் அந்தத் துறையை நடத்தியவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தாரே, அவருக்குத் தெரிந்த விஷயம் ஒன்றுகூடவா அன்று பேச்சில் வரவில்லை?

---

தூரத்துமணி

இதையேதான் நானும் கேட்க நினைத்தேன். அம்மாவுக்கு அந்தக் கட்டடத்தில் எந்தக் குழாய் எந்த மாதத்தில் ஒழுகும் என்று தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட யாரும் கேட்டதில்லை. ஒழுகிய பிறகு துடைக்கத்தான் கூப்பிடுவார்கள்.

---

சாளரம்

கோபம் எதற்கு, கரும்பலகை. நீங்கள் கேட்டது அப்படியே நெஞ்சில் பட்டது. கேட்கவில்லை. ஒரு மணி நேரம் பத்து நிமிடம் நடந்த கூட்டம். அவர் காலத்தில் தொடங்கிய ஒரு வேலையைப் பற்றி இருபது நிமிடமாவது பேசியிருப்போம். அது ஏன் அப்படி அமைக்கப்பட்டது என்று எங்களுக்குப் புரியாமல், ஆளாளுக்கு ஊகித்துக்கொண்டிருந்தோம். அமைத்தவர் நான்கு அடி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

நேற்று அவர் அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போனேன். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனதும் அவர் எழுந்து நின்றார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் தலைவராக இருந்த காலத்திலும், யார் அவர் அறைக்குள் போனாலும், கடைநிலை ஊழியராக இருந்தாலும், அவர் எழுந்துதான் வரவேற்பார். ஒன்பது வருடம் அதைப் பார்த்தும் நான் கவனித்ததே இல்லை.

மன்னிப்பை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குத்தான் சங்கடமாக இருந்திருக்கும். அந்த வேலையைப் பற்றிக் கேட்டேன். ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டத் தொடங்கினார். ஏன் அப்படிச் செய்தார்கள், எந்த இடத்தில் தானே தவறிழைத்தார், இப்போது செய்வதானால் எதை மாற்றுவார் என்று முக்கால் மணி நேரம் பேசினார். தன் தவறைச் சொல்லும்போது குரலில் தயக்கமே இல்லை. நடுவில் ஒரு விஷயத்தில் அவர் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை, அதைச் சொன்னேன். அவர் தலைவராக இருந்தபோது அப்படிச் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அதையும் அந்தக் கூட்டத்தில் சொல்லுங்கள்" என்றார்.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். கூட்ட அறிவிப்புகள் தனக்கு இரண்டு மாதமாக வருவதில்லையாம். அன்று வந்ததுகூட வழியில் யாரோ சொன்னதால்தானாம். மின்னஞ்சல் பட்டியலிலிருந்து பெயர் எப்படியோ விடுபட்டிருக்கும் என்று அவராகவே ஒரு சமாதானமும் சொன்னார். அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது நான்தான். பொறுப்பு மாறிய வாரத்தில் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதிய பெயரைச் சேர்த்ததும் நான்தான். அதை அவரிடம் சொன்னேன். "சரி, இப்போது சேர்த்துவிடுங்கள்" என்றார்.

இருக்கைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகச் சேர்த்தேன். அடுத்த கூட்டம் வியாழக்கிழமை. அவருடைய வரைபடத்தை விளக்க இருபது நிமிடம் ஒதுக்கும்படி புதிய தலைவரிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. எங்கள் தளத்தில் வேலை செய்கிற அம்மா காலை ஆறு மணிக்கே வந்துவிட்டுப் போய்விடுகிறாராம். நாளைக்குச் சீக்கிரம் கிளம்புகிறேன்.